வாயைத் திறந்து காட்டச் சொல்லவில்லை

என் சித்தப்பாவுக்கு வாய்ப்புற்று தொடங்கியிருந்த நேரத்தில், அதன் அறிகுறிகளை அவரே என்னிடம் சொன்னார். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. குடும்பத்தில் வெகுநாள் யாருக்கும் தெரியாமல் வைத்திருந்த இதை இப்போது எழுதிவிடுகிறேன்.

புற்றுநோய்க்கான ஆன்டிபாடிகளை வடிவமைப்பது என் வேலை. இயற்கையான ஆன்டிபாடியின் இரண்டு கைகளும் ஒரே இலக்கைத்தான் பிடிக்கும். ஒரு கை புற்றுச் செல்லையும் மறு கை டி-செல்லையும் பிடிக்கும்படி மாற்றினால், நம் உடலின் காவல் செல்லே புற்றைக் கொல்லும். ரத்தப் புற்றுக்கான பிளினட்டுமொமாப் இந்த வழியில் வேலை செய்யும் மருந்து. 2014-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஆனால் இப்படி ஒன்றைச் செய்ய, இரண்டு ஆன்டிபாடிகளின் புரதச் சங்கிலிகளை ஒரே செல்லுக்குள் உண்டாக்கினால் அவை பத்து விதமாக இணையக்கூடும். நமக்கு வேண்டியது அதில் ஒன்றுதான். ஆட்டுரல் குழியில் குழவி உட்கார்வதுபோல், ஒரு கனச் சங்கிலியின் (ஆன்டிபாடியின் பெரிய சங்கிலி) மேடு மற்றதன் குழியில் பொருந்தும் முறையை 1996-இல் ஜெனன்டெக் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். இப்போது இந்தத் துறையில் மூன்று இலக்குகளுக்கும் போயிருக்கிறோம். கிளென்மார்க் குழுமத்தில் உருவான ஐஎஸ்பி 2001 என்ற மருந்து, மைலோமா என்ற ரத்தப் புற்றின் செல்லை இரண்டு இடத்திலும் டி-செல்லை ஓரிடத்திலும் பிடிக்கும். 2025-இல் ஆப்வி நிறுவனம் 70 கோடி டாலர் முன்பணம் கொடுத்து பல நாடுகளுக்கான அதன் உரிமையை வாங்கியது.

விடுமுறைக்குத் தக்கலைப் பக்கம் ஊருக்குப் போயிருந்தபோது, சித்தப்பாவிடம் இந்த வேலையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் வெற்றிலையோடு புகையிலையும் போடுகிறவர். நடுவில், "மக்கா, இப்பம் தீயல் கொழம்பு பட்டா கன்னத்துக்குள்ள எரியுது. வாயும் பழைய மாதிரி தெறக்க மாட்டேங்கு. உன் மருந்து இதுக்கு ஆவுமா?" என்று கேட்டார்.

நான் என்ன செய்திருக்க வேண்டும்? "வாயைத் தெறங்க சித்தப்பா, பாக்கட்டும்" என்று சொல்லியிருக்க வேண்டும். அதைச் செய்யாமல், வாய், தொண்டைப் புற்றுகளுக்காக பெட்டோசெம்டமாப் என்ற இரட்டை இலக்கு மருந்து சோதனையில் இருக்கிறது, நல்ல பலன் தெரிகிறது என்று விளக்கினேன். நோய் திரும்பி வந்தவர்களுக்கும் பரவியவர்களுக்கும்தான் அந்தச் சோதனை என்பதைச் சொல்லவில்லை. இப்போதே வாயைக் காட்டினால் எந்த ஆன்டிபாடியும் வேண்டியிராமல் போகலாம் என்பதையும் சொல்லவில்லை. அவர் திருப்தியாகத் தலையாட்டினார். "பய மருந்து கொண்டுவருவான்" என்று பிறகு வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தாராம்.

தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை. எங்கள் ஊரும் அடங்கிய அன்றைய திருவிதாங்கூரில் வெற்றிலை போடுகிறவர்களுக்கு வரும் வாய்ப்புற்றைப் பற்றி, நெய்யூர் மருத்துவமனையில் பணிசெய்த டாக்டர் ஓர் (Orr) என்பவர் 1933-இலேயே லான்செட் இதழில் எழுதினார். பக்கத்துத் திருவனந்தபுரத்தில் 1996-இல் ஒரு பெரிய ஆய்வு தொடங்கியது. பயிற்சி பெற்ற பணியாளர்கள் வீடு வீடாகப் போய் வாயைத் திறக்கச் சொல்லிக் கண்ணால் பார்த்தார்கள். புகையிலையோ மதுவோ பழக்கமுள்ளவர்களிடையே வாய்ப்புற்றுச் சாவு 34 சதவீதம் குறைந்ததென 2005-இல் முடிவு வந்தது. இவை இரண்டையும் படித்தவன் நான். எங்கள் ஊர்ப் பக்கத்து வாய்ப்புற்றைச் சொல்லித்தான் என் ஆய்வுரைகளையே தொடங்குவேன். ஊர் நோயை என் பேச்சுக்கு முன்னுரையாக்கிக்கொண்டேன். அந்த நோய் எதிரே உட்கார்ந்து பேசியபோது அடையாளம் தெரியவில்லை.

காரணத்தைத் தேடிப் பார்த்தேன். ஊரில் என்னைப் படித்தவன் என்று மதித்துக் கேட்டார்கள். அந்த மதிப்பு பிடித்திருந்தது. சித்தப்பாவின் கேள்வி எனக்கு இன்னும் கொஞ்சம் பேசக் கிடைத்த வாய்ப்பாகத்தான் பட்டது. அவர் தன் உடம்பைப் பற்றிக் கேட்டார். நான் என் மூலக்கூறைப் பற்றிப் பதில் சொன்னேன்.

மருத்துவரிடம் போனபோது நோய் தாடை எலும்பைத் தொட்டு, கழுத்து நிணநீர் முடிச்சுகளுக்கும் இறங்கியிருந்தது. பாதித் தாடையை எடுத்தார்கள், கதிர்வீச்சும் கொடுத்தார்கள். மறு வருஷம் கழுத்தில் திரும்பி வந்தது, அதிலேயே போய்விட்டார். முன்பே பார்த்திருந்தால் நிச்சயம் பிழைத்திருப்பார் என்று என்னால் சொல்ல முடியாது. அந்த வாய்ப்பை அவருக்கு இல்லாமல் ஆக்கியதில் எனக்குப் பங்குண்டு. சித்தியிடம் இதைச் சொன்னபோது, "அப்பமே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே மக்கா" என்று மட்டும் கேட்டாள். மன்னித்தாளா என்று தெரியாது. கேட்கும் உரிமையும் எனக்கில்லை.

என் வேலையை விடப்போவதில்லை. நோய் பரவியபின் வழியில்லாமல் நிற்பவர்களுக்கு இந்த மருந்துகள் வேண்டும். ரத்தப் புற்றில் அவை உயிர்களைக் காப்பாற்றியிருக்கின்றன. வாய்ப்புற்று போன்ற திடக்கட்டிகளில் பாதை இன்னும் கடினம். புற்றுச் செல்லின்மேல் உள்ள இலக்கு பல நேரம் நல்ல திசுவிலும் இருப்பதால், டி-செல்லை ஏவினால் அதையும் தாக்கும். எனவே வரப்போகும் மருந்தை நம்பி யாரும் வாய்ப்புண்ணை வைத்துக்கொண்டிருக்க வேண்டாம். இரண்டு வாரத்தில் ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, காரம் பட்டால் எரிச்சல், வாய் முழுதாகத் திறக்க முடியாமை, கழுத்தில் கட்டி ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் பக்கத்துப் பல் மருத்துவரிடமோ ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ இந்த வாரமே காட்டுங்கள். புகையிலை போடுகிறவர்கள் வலி இல்லாவிட்டாலும் காட்டுங்கள்.