ஆர்.எஸ்.புரத்துக்குள் ஒரு காட்டுப் பள்ளிக்கூடம்!

ஆர்.எஸ்.புரம் என்றதும் டி.பி. ரோடு கடைகளும் அன்னபூர்ணா காபியும்தான் பலருக்கு ஞாபகம் வரும். அதே ஏரியாவில், கவுலி பிரவுன் சாலையில் மரங்கள் அடர்ந்த வனத்துறை வளாகம் ஒன்று இருக்கிறது. 1912-ல் ரேஞ்சர்களுக்குப் பயிற்சி தர 'மெட்ராஸ் வனக் கல்லூரி' தொடங்கப்பட்டது. நூறு ஆண்டுகள் தாண்டியும் வன அதிகாரிகள் இந்த வளாகத்தில் பயிற்சி பெறுகிறார்கள்.

உள்ளே இருக்கும் காஸ் வன அருங்காட்சியகம் அதைவிட மூத்தது. 1902-ல் தொடங்கியது. மர மாதிரிகளும் பாடம் செய்த விலங்குகளும் குழந்தைகளைக் கட்டிப்போடும்.

ஆனால், வகுப்பறைப் பாடம் வேறு, களம் வேறு. கோவை வனக் கோட்டத்தில் 7 சரகங்கள். 'தோட்டத்துக்குள்ள யானைங்க!' என்று தொண்டாமுத்தூரிலிருந்தோ தடாகத்திலிருந்தோ போன் வந்தால், நள்ளிரவானாலும் ஜீப் கிளம்பியாக வேண்டும். 2021 நவம்பரில் நவக்கரை அருகே ரயில் மோதி 3 யானைகள் இறந்தன. அதன்பின், 2024-ல் மதுக்கரை தண்டவாளத்தை ஒட்டி ஏ.ஐ. கேமராக்கள் வந்தன. யானை நெருங்கினால் எச்சரிக்கை வரும்.

கேமரா தகவல்தான் சொல்லும். யானையைத் திருப்பி அனுப்ப மனிதர்கள்தான் போக வேண்டும். அப்போது முன்னால் நிற்பவர்கள் வேட்டைத் தடுப்புக் காவலர்கள். அவர்களில் பலர் பழங்குடியினர். காடு அவர்களுக்கு வீடு. ஆனால், பணி நிரந்தரம் இன்னும் பலருக்குக் கனவுதான்.

அடுத்த முறை குழந்தைகளோடு அருங்காட்சியகம் போனால், விலங்குகளைக் காட்டும்போது இந்தக் காவலர்களைப் பற்றியும் சொல்லுங்கள்.