எந்தப் பக்கம் மேலே?

திண்டுக்கல் மேற்கு ரத வீதியிலிருந்து பிரியும் சந்து ஒன்றில் அந்தக் கடை இருக்கிறது. பெயர்ப்பலகை கிடையாது. வாசலில் சாய்த்து வைத்திருக்கும் வெற்றுச் சட்டங்கள்தான் அடையாளம். என் அப்பா படத்தின் கண்ணாடி விரிசல் விட்டிருந்தது. மாற்றக் கொடுத்துவிட்டு முக்காலியில் உட்கார்ந்தேன். “அரை மணி நேரம்” என்றார் கடைக்காரர். பிரேம் கடையில் அரை மணி நேரம் என்பது கணக்கல்ல, ஒரு மரியாதைச் சொல்.

எதிர்ச்சுவர் முழுக்கப் படங்கள். கோவில்பட்டி கொண்டைய ராஜுவும் அவருடைய சீடர்களும் வகுத்துக் கொடுத்துப்போன முகஜாடையில் லட்சுமியும் முருகனும் மேல் வரிசையில் இருந்தார்கள். அடுத்த வரிசையில் காலமானவர்கள், நெற்றிக்கு மேலே மாலைக்கு இடம் விட்டு. கீழ் வரிசையில் சான்றிதழ்கள். பட்டமளிப்பு அங்கி போட்ட பெண் ஒருத்தி, ரத்ததானப் பாராட்டு ஒன்று, அரசுப் பள்ளிக் கலைத் திருவிழாச் சான்றிதழ் ஒன்று. நம் ஊர் வீட்டுச் சுவரில் ஏற யார் யாருக்குத் தகுதி உண்டு என்பதை அந்த மூன்று வரிசைகளும் சொல்லிவிட்டன.

கடைக்காரருக்கு அறுபது நெருங்கியிருக்கும். வலது கையின் மூன்று விரல்களைக் கூட்டிக்கொண்டுதான் சுட்டிக்காட்டுகிறார், நடுவில் பிரஷ் இருப்பதைப் போல. போர்டு ஆர்ட்டிஸ்டாக இருந்தவர் என்று பிறகு தெரிந்தது.

டிவிஎஸ் எக்ஸெல் ஒன்று வாசலில் நின்றது. ஓட்டி வந்தவருக்கு ஐம்பது வயது இருக்கும். கைரேகைக்குள் கறுப்பு. அரத்தூள் ஏறிய கறுப்பு எந்தச் சோப்புக்கும் போகாது. பின்னால் இருபது இருபத்தொரு வயதுப் பெண், ஒரு பிவிசி பைப்பைத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கினாள்.

“அண்ணே, ரெண்டு வேலை இருக்கு. ஒண்ணு சின்னது, ஒண்ணு பெருசு.”

சின்னது முதலில் வெளியே வந்தது. நாளிதழுக்குள் பிளாஸ்டிக் உறை, உறைக்குள் சான்றிதழ். அப்பாக்காரர் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு ஓரத்தை மட்டும் பிடித்து நீட்டினார். கடைக்காரர் வாய்விட்டு வாசித்தார். “மாவட்டக் கலை மன்றம். கலை வளர்மணி. ஓவியம்.”

“கலெக்டர் கையால வாங்குனது” என்றார் அப்பா.

மாவட்டக் கலை மன்ற விருதில் மணிகள் ஐந்து உண்டு. 18 வயது வரை கலை இளமணி, 19 முதல் 35 வரை வளர்மணி, 36 முதல் 50 வரை சுடர்மணி, 51 முதல் 65 வரை நன்மணி, அதற்கு மேலே முதுமணி. தொகையும் வயதோடு ஏறும்: 4,000, 6,000, 10,000, 15,000, 20,000 ரூபாய். கரகமும் பரதமும் நாகஸ்வரமும் உட்காரும் பந்தியில் ஓவியத்துக்கும் ஓர் இலை போடுகிறார்கள். ஒரு மனிதர் கலையோடு சேர்ந்து கிழவராவதற்குக் கட்டிய படிக்கட்டு மாதிரி இருக்கும் அந்தப் பட்டியல். இந்தப் பெண் இரண்டாம் படியில் நிற்கிறாள்.

“எம்புட்டுக் குடுத்தாங்க?”

“ஆறாயிரம்.”

கடைக்காரர் தலையாட்டினார். “கோல்டு பீடிங் போட்டு, உள்ள மெரூன் மவுன்ட் வச்சுக் கண்ணாடி போட்டாத் தூக்கலா இருக்கும்.”

“லேமினேஷன் போதும் பெரியப்பா” என்றாள் பெண்.

“லேமினேஷன் ஆதார் கார்டுக்குப் போடுறது” என்றார் அப்பா, அவள் பக்கம் திரும்பாமலே.

பெரிய வேலை என்னவென்று அப்போதுதான் தெரிந்தது. பைப்புக்குள் சுருட்டியிருந்த கேன்வாஸை மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டி, சுற்றிலும் மெல்லிய கறுப்புச் சட்டம் போட வேண்டும். நாலடிக்கு மூணடி. சாதாரண மரம் போதும், ஆனால் மூலை கோணக் கூடாது. கடைக்காரர் காகிதத்தில் கணக்குப் போட்டுக் காட்டினார். இரண்டையும் செய்தால் வளர்மணியில் பாதி இங்கேயே கரைந்துவிடும் என்று அப்பாவின் முகம் சொன்னது.

“மொதல்ல சர்டிபிகேட்டப் போட்ருவோம். சித்திரையில வீட்ல விசேஷம் இருக்கு. சொந்தக்காரங்க வருவாங்க.”

பெண் ஒன்றும் சொல்லவில்லை. பைப் மூடியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள். அந்த விசேஷத்தில் என்ன நடக்கும் என்பது அவளுக்கும் தெரிந்திருக்கும். யாராவது ஒரு மாமா, இலையில் பாயசம் விழுவதற்குள், “படம் வரையப் படிச்சு என்ன வேலைக்குப் போகும்?” என்று கேட்பார். அந்தக் கேள்விக்கு அப்பாவிடம் நான்கு வருஷமாகப் பதில் இருந்திருக்காது. இப்போது பதிலைக் கண்ணாடி போட்டுக் கூடத்தில் மாட்ட வேண்டும் என்கிறார். அவ்வளவுதான்.

“எங்க படிக்குது பாப்பா?”

“கும்பகோணம், கவின் கலைக் கல்லூரி. கடைசி வருஷம்.”

1887இல் சித்திரகலாசாலையாகத் தொடங்கிய இடம் அது. அதற்கும் மூத்தது சென்னைக் கல்லூரி. 1850இல் அலெக்சாண்டர் ஹன்டர் என்ற மருத்துவர் தொடங்கியது. திண்டுக்கல் பிள்ளை அரசுக் கல்லூரியில் ஓவியம் படிக்க வேண்டுமென்றால் இந்த இரண்டு ஊர்களில் ஒன்றுக்குப் பஸ் ஏறியாக வேண்டும். கோயில் சிற்பமும் மரபு ஓவியமும் என்றால் மாமல்லபுரம். திண்டுக்கல் மலைக்கோட்டையைச் சுற்றிப் பூட்டுக்கும் பூவுக்கும் தோலுக்கும் இடம் இருக்கிறது. ஓவியம் படிக்க வெளியூர்தான்.

“அடுத்து எதுக்கு அனுப்புற இந்தப் படத்த?” என்றார் கடைக்காரர்.

அவள் செல்போனைத் திறந்தாள். பரிசுகளுக்கென்றே குறிப்பு வைத்திருக்கிறாள் போல. விரல் மேலும் கீழும் போனது.

“சென்ட்ரல் கவர்மென்ட் ஸ்காலர்ஷிப் ஒண்ணு இருக்கு பெரியப்பா. 18லருந்து 25 வயசு வரைக்கும். மாசம் அஞ்சாயிரம், ரெண்டு வருஷத்துக்கு. இந்தியா முழுக்க நானூறு பேரு.”

“நானூறும் ஓவியத்துக்கா?”

“இல்ல. பாட்டு, டான்ஸ், நாடகம் எல்லாம் சேத்துத்தான்.”

“அப்பச் சரி” என்றார் கடைக்காரர். எது சரி என்று அவர் சொல்லவில்லை.

“அப்புறம் நம்ம தமிழ்நாடு ஓவிய நுண்கலைக் குழு. அப்புறம் கொச்சியில மாணவர் பினாலே, ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா. காலேஜ் மூலமாப் போகணும். எல்லாத்துக்கும் மேல லலித் கலா அகாதமி தேசியக் கண்காட்சி. அதுக்கு இப்ப எல்லாம் போட்டோதான் மொதல்ல. போட்டோவுல தேறினாத்தான் ஒரிஜினல அனுப்பச் சொல்லுவாங்க.”

லலித் கலா அகாதமி 1954இல் டில்லியில் தொடங்கியது. 2020 மார்ச் 4ஆம் தேதி அதன் விருதைக் குடியரசுத் தலைவர் மாளிகையில் பெற்றுக்கொண்டவர்கள் பதினைந்து பேர். பட்டயம், சால்வை, ஆளுக்கு ஒரு லட்ச ரூபாய். மூன்று வாரத்தில் நாடே கதவைப் பூட்டிக்கொண்டது. கல்லூரியில் படிக்கும்போதே அந்த வாசலைக் குறிவைப்பது, சிறுமலை அடிவாரத்தில் நின்றுகொண்டு இமயமலைக்குச் செருப்பு வாங்குவது போலத்தான். ஆனாலும் செருப்பு வாங்காமல் எப்படி நடப்பது?

“பெரியப்பா, நீங்களும் போடலாம்” என்றாள் திடீரென்று. “அம்பத்தொண்ணுலருந்து அறுபத்தஞ்சு வரைக்கும் நன்மணி. பதினஞ்சாயிரம்.”

அவர் சிரித்தார். கண்ணாடியில் வைர முனையை வைத்து ஒரு கோடு இழுத்தார். கீச்சென்று ஒரு சத்தம். தட்டியதும் கண்ணாடி சொன்ன இடத்தில் பிளந்தது.

“அதுக்கு என்னென்ன குடுக்கணும்?”

“வயசுக்குச் சான்று, போட்டோ, இதுவரைக்கும் செஞ்ச வேலைக்கு ஆதாரம்.”

“அதான பாத்தேன். பஸ் ஸ்டாண்டுலருந்து பேகம்பூரு வரைக்கும் பாதிக் கடைக்கு நான்தான் போர்டு எழுதினேன். எலெக்ஷன் வந்தா மூணு கட்சிச் சுவரும் நான்தான். டாக்கீஸுக்கு இருபதடி பேனர். பிளக்ஸ் வந்துச்சு, போர்டக் கழட்டிட்டாய்ங்க. சுவர இடிச்சிட்டாய்ங்க. டாக்கீஸ் கல்யாண மண்டபமாயிருச்சு. ஆதாரத்துக்கு நான் எதக் கொண்டுபோயிக் காட்ட?”

யாரும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அப்பாதான் பேசினார். “பூட்டுக்குந்தான் குடுத்தாங்க. 2019ல.”

புவிசார் குறியீட்டைச் சொல்கிறார். கண்டாங்கிச் சேலைக்கும் திண்டுக்கல் பூட்டுக்கும் அந்த ஆகஸ்டில் ஒன்றாகவே கிடைத்தது.

“நல்லதுதானண்ணே.”

“நல்லதுதான். பூட்டுக்குக் கெடச்சிச்சு. பட்டறையில ஆளு இல்ல. அலிகார் பூட்டு பாதி வெலைக்கு வருது. எங்க அய்யா காலத்துல தெருவுல நடந்தா ரெண்டு பக்கமும் அரச் சத்தந்தான் கேக்கும்.”

பேச்சு நிற்பதற்குள் கடைக்காரர் கேன்வாஸைத் தரையில் விரித்திருந்தார்.

பட்டறையைப் பார்த்தவர்களுக்குத்தான் அது என்னவென்று புரியும். பூட்டின் முகத் தகடுகளை வெட்டி எடுத்தபின் மிஞ்சும் இரும்புத் தகடு. மாங்காய் வடிவத்தில் ஓட்டைகள், வரிசை வரிசையாக. தகடு வீணாகக் கூடாதென்று ஒன்று நிமிர்ந்தும் அடுத்தது தலைகீழாகவும் வெட்டப்பட்டவை. விளிம்புகளில் துரு. ஓட்டைகளுக்குப் பின்னால் வெளிறிய நீலம். வானமா, பட்டறையின் சுண்ணாம்புச் சுவரா என்று தெரியவில்லை. பூட்டு எங்கேயும் இல்லை. பூட்டு போன இடங்கள் மட்டும் இருந்தன.

“இது கழிவுல்ல?” என்றார் அப்பா. “கிலோக் கணக்குல எடைக்குப் போடுறது.”

“ஆமாப்பா.”

“இதயா கலெக்டரு பாத்தாரு?”

“வேற படங்களோட சேத்து இதையும் வச்சிருந்தேன்.”

அவர் குனிந்து பார்த்தார். பிறகு ஒதுங்கிக்கொண்டார். வாசல்பக்கம் போய் எக்ஸெல்லின் கண்ணாடியைத் திருப்பிச் சரிசெய்தார். அது முன்பே சரியாகத்தான் இருந்தது.

பெண் சான்றிதழை எடுத்துக்கொண்டு, “கண்ணாடிக்குள்ள போறதுக்கு முன்னால நாலு காப்பி எடுத்துட்டு வந்துர்றேன்” என்று முனையிலிருந்த ஜெராக்ஸ் கடைக்குப் போனாள். மாணவர் பரிசுகளின் பாதி வாழ்க்கை ஜெராக்ஸ் கடையில்தான் கழிகிறது. ஒரு பரிசின் நகல்தான் அடுத்த பரிசுக்கு விண்ணப்பம்.

கடைக்காரர் வேலையைத் தொடங்கினார். எந்த வேலையை முதலில் செய்வது என்று யாரிடமும் கேட்கவில்லை. சான்றிதழ் ஜெராக்ஸ் கடையில் இருந்ததால் கேன்வாஸ் முந்திக்கொண்டது. நாலு மரக்கட்டைகளை மூலைமட்டம் வைத்துச் சேர்த்தார். கேன்வாஸை முகம் குப்புறப் போட்டு, நடுவிலிருந்து மூலை நோக்கி இழுத்து இழுத்துப் பின் அடித்தார். தட்டிப் பார்த்தார். தவில் போல ஒலித்தது. கறுப்புச் சட்டத்தையும் பொருத்திவிட்டார். பின்பக்கம் கொக்கி போட எடுத்தபோது கை நின்றது.

கொக்கியை மேல்பக்கத்தில்தான் போட வேண்டும். மேல்பக்கம் எது?

தூக்கி நிறுத்திப் பார்த்தார். தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார். இரண்டும் ஒன்றுபோலவே இருந்தன. நிமிர்ந்த மாங்காய்கள் கவிழ்ந்தன, கவிழ்ந்தவை நிமிர்ந்தன. மூலையில் கையெழுத்தும் இல்லை. என்னைப் பார்த்தார். நான் படம் பார்க்கத் தெரிந்தவன் என்று நினைத்தாரோ என்னவோ. எனக்கும் தெரியவில்லை.

“பாப்பா வரட்டும்” என்றார் தனக்குத்தானே.

“திருப்புங்க” என்றது வாசலிலிருந்து ஒரு குரல்.

அப்பா உள்ளே வந்தார். சட்டத்தைத் தானே பிடித்து ஒரு சுற்றுச் சுற்றி நிறுத்தினார். “இப்பிடித்தான்.”

“எப்பிடிச் சொல்றீங்க? ரெண்டும் ஒரே மாதிரில்ல இருக்கு?”

“இங்க பாருங்க.” கறுத்த விரல் இடது கீழ் மூலைக்குப் போனது. அங்கே உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை எதுவும் இல்லை. வெறும் தகடு. “கடைசி வெட்டு வரைக்கும் தகட எடது கையால புடிக்கணும்ல. அந்த மூலைய வெட்டாம விட்ருவோம். வெட்டினாப் புடி இருக்காது, கை போயிரும்.” கொஞ்சம் நிறுத்தினார். “தேய்ஞ்சிருக்கு பாருங்க. மத்த எடமெல்லாம் துரு. இங்க மட்டும் துரு புடிக்கல. தெனமும் கை படுற எடம்.”

கடைக்காரர் குனிந்து பார்த்தார். நானும் முக்காலியிலிருந்து கொஞ்சம் முன்னால் நகர்ந்தேன். வெட்டாத அந்த மூலையில் மட்டும் இரும்பு மங்கலாகப் பளபளத்தது. அவள் அங்கே மூன்று நான்கு நாளாவது உட்கார்ந்திருப்பாள். வண்ணத்தின் மேல் வண்ணமாக அவ்வளவு அடுக்கு.

“சரியாத்தான் பாத்திருக்கா” என்றார் அப்பா. அவள் காதில் விழாத தூரத்தில் இருக்கிறாள் என்பதைத் தெருவை ஒருமுறை பார்த்து உறுதி செய்துகொண்ட பிறகு.

இரண்டு திருகாணிகள் ஏறின. கொக்கி நின்றது.

அவள் நாலு காப்பியோடு திரும்பி வந்தபோது படம் சுவரோரம் சாய்ந்திருந்தது. நின்று பார்த்தாள். பின்னால் போய்க் கொக்கியைத் தொட்டுப் பார்த்தாள். கடைக்காரரைப் பார்த்தாள்.

“யாரு பெரியப்பா சொன்னது?”

அவர் விரல் மூன்றையும் கூட்டி வாசல்பக்கம் காட்டினார். அங்கே அவள் அப்பா டீக்கடைக்காரரிடம் விரலைக் காட்டி மூணு என்று சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்த்துவிட்டு, நாலு என்று மாற்றிச் சொன்னார்.