எல்லோருக்கும் இதுதானா?

எங்கள் அவலாஞ்சியில் 1907-ல் அமைத்த டிரவுட் மீன் பண்ணை பெயர் பெற்றது. ஆனால் அனுமதியில்லாமல் ஓடை மீனில் கை வைக்க முடியுமா? எங்கள் வீட்டுக்கு ஊட்டி மார்க்கெட்டிலிருந்து வரும் கொடுவாதான்!

மாமனாருக்கு இருதயக் கோளாறு வந்தபின் டாக்டர் பொரித்த மீனை நிறுத்தச் சொல்லிவிட்டார். அவருக்கு மட்டும் தனியாக வேகவைத்துக் கொடுத்தேன். "நோயாளிச் சாப்பாடு எனக்கு வேண்டாம்மா" என்று தட்டை நகர்த்திவிட்டார். மூன்று நாள் வெறும் ரசம் சாதம். எனக்கு மனசு கேட்கவில்லை.

வீட்டில் அவன் கிடையாது. கனமான இரும்புச் சட்டியில் மணல் பரப்பி, மூடி, பத்து நிமிஷம் காயவிட்டேன். விரல் கனத் துண்டுகளில் மிளகு, பூண்டு, எலுமிச்சைச் சாறு, ஒரு ஸ்பூன் எண்ணெய், உப்பு கொஞ்சமாகத் தடவி, வாழை இலையில் மடித்தேன். (இலை மேட்டுப்பாளையத்து இலை, இந்தக் குளிரில் வாழை ஏது?) தட்டில் அடுக்கி மணல் மேல் வைத்து மூடினால் இருபது நிமிஷம். கண்ணாடி போலிருந்த சதை பால் வெள்ளையாகி, ஸ்பூன் பட்டதும் இதழ் இதழாகப் பிரிய வேண்டும். அதற்கு மேல் விட்டால் நார்தான். முதல் தடவை எனக்கு அப்படித்தான் ஆயிற்று, பூனைக்கு யோகம்!

அன்று ராத்திரி எல்லோர் தட்டிலும் ஒரே மாதிரிப் பொட்டலம் வைத்தேன். மாமா சுற்றுமுற்றும் பார்த்தார்.

"எல்லோருக்கும் இதுதானா?"

"ஆமாம் மாமா."

"அப்போ எனக்கு இன்னொன்று வை" என்றார்.