58 வயதில் 11 படுக்கைகள்

மதுரை டாக்டர் கோவிந்தப்ப வேங்கடசாமியைப் பற்றித்தான் கொஞ்ச நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். மகப்பேறு மருத்துவராக விரும்பியவர். முடக்குவாதம் விரல்களைக் கோணலாக்கியது. அந்த விரல்களாலேயே கண் அறுவை சிகிச்சை பழகினார். அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்று, 1976இல், 58 வயதில், 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். பணம் கட்டியவர்களிடமிருந்து வந்த வருவாயிலேயே கட்ட முடியாதவர்களுக்கும் பார்வை கிடைத்தது.

அவரிடம் வந்தவர்கள் நோயாளிகள்; என் மேஜைக்கு வருபவை ஓய்வூதியக் கோப்புகள். ஒவ்வொன்றுக்கும் அந்தப் பக்கம் ஒரு பெரியவர் காத்திருக்கிறார். பதவி உயர்வோடு தலைமை அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்கள். வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். இந்தப் பிரிவிலேயே இருக்கிறேன். தேங்கிக் கிடக்கும் குடும்ப ஓய்வூதியக் கோப்புகளை முதலில் எடுக்கப் போகிறேன். சாயங்காலம் அம்மாவோடு உட்கார்ந்து சாப்பிடவும் போகிறேன்.