ஆரோவில்: காற்று இறைக்கும் தண்ணீர்

புதுச்சேரியிலிருந்து வடக்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில் போய், பெரிய முதலியார்சாவடி அருகே இடப்பக்கம் திரும்பினால் மண் சிவக்கத் தொடங்குகிறது. குயிலாப்பாளையம் வழியாக மேடேறும் அந்தச் சாலையில் வருகிறவர்களில் பெரும்பாலோர் மாத்ரி மந்திரின் தங்கக் கோளத்தைப் பார்க்க வருகிறவர்கள். மரங்களுக்கு மேலே தலையை நீட்டிக்கொண்டு நிதானமாகச் சுற்றும் இரும்பு விசிறிகளை அவர்கள் கவனிப்பதில்லை. கவனித்தாலும், முப்பந்தலில் பார்த்த காற்றாலையின் ஏழைத் தம்பி என்று நினைத்துக் கடந்து விடுகிறார்கள்.

தம்பி அல்ல, இனமே வேறு. முப்பந்தல் ராட்சதர்களுக்கு மூன்றே இறக்கைகள். அவற்றின் வேலை மின்சாரம். ஆரோவில் விசிறியில் தகடுகள் நெருக்கமாக அடுக்கப்பட்டிருக்கும். அதன் வேலை தண்ணீர். கிணற்றுக்குள் இறங்கும் நீண்ட கம்பி, அதன் முனையில் பிஸ்டன். அசையாமல் நிற்கும் அந்தக் கம்பியையும் அதன் மேல் நிற்கும் தண்ணீரையும் முதல் தடவை தூக்கத்தான் பலம் அதிகம் வேண்டும். வேகம் முக்கியமல்ல, இழுவைதான் முக்கியம். எனவேதான் இத்தனை தகடுகள்.

1968 பிப்ரவரி 28-ல் ஆரோவில் தொடங்கப்பட்டபோது இந்த மேடு ஏறக்குறைய பொட்டல். மழை பெய்தால் செம்மண் ஓடைகளாக அறுத்துக்கொண்டு கடலுக்குப் போனது. வந்தவர்கள் வரப்பு கட்டினார்கள், கன்று நட்டார்கள். கன்றுக்குத் தண்ணீர் வேண்டும். மின்கம்பம் எல்லா இடத்துக்கும் வரவில்லை. காற்று மட்டும் தாராளமாக இருந்தது. 1970களிலிருந்து பல வடிவங்களைச் செய்து, கழற்றி, மாற்றிப் பார்த்து அவர்கள் வந்து சேர்ந்த வடிவம்தான் ஏவி-55: சுமார் ஐந்தரை மீட்டர் விட்டமுள்ள விசிறி, உயரமான இரும்புக் கோபுரம், காற்றுக்கு முகம் திருப்ப ஒரு வால். மத்திய அரசு தண்ணீர் இறைக்கும் காற்றாலைகளுக்கு மானியம் கொடுத்த காலத்தில் பட்டியலில் மூன்று ரகங்கள் இருந்தன: பல்சக்கரம் இல்லாதது, பல்சக்கரம் உள்ளது, ஆரோவில் ரகம். மூன்றில் அதிக மானியம் ஆரோவில் ரகத்துக்கு.

இதைப் பார்த்துவிட்டு, ‘நம் தோட்டத்துக்கும் ஒன்று போட்டால் என்ன?’ என்ற ஆசை வராமல் இருக்காது. வரட்டும். ஆனால் எந்த ரகம் என்பது கடைசிக் கேள்வி. முதல் கேள்வி, உங்கள் ஊரில் காற்று எவ்வளவு என்பது.

காற்றின் கணக்கு கொஞ்சம் கொடூரமானது. வேகம் இரட்டித்தால் அதன் சக்தி எட்டு மடங்காகிறது. பாதியானால் எட்டில் ஒன்றாகச் சுருங்குகிறது. ஐந்தரை மீட்டர் விசிறி, 20 மீட்டர் ஆழத்துக் கிணறு என்று வைத்துக்கொள்வோம். காற்றின் சராசரி வேகம் நொடிக்கு 3 மீட்டர் என்றால் நாளொன்றுக்குச் சுமார் 25 முதல் 30 ஆயிரம் லிட்டர் எதிர்பார்க்கலாம். அதே காற்று 4 மீட்டரானால் 60 ஆயிரத்தைத் தாண்டும். நீர்மட்டம் 40 மீட்டருக்கு இறங்கிவிட்டால் இரண்டுமே பாதி. பக்கத்து ஊரில் பிரமாதமாகச் சுற்றும் காற்றாலை உங்கள் வயலில் வெறும் அலங்காரமாக நிற்பதன் ரகசியம் இந்த ஒரு மீட்டர்தான்.

பயிரும் முக்கியம். நெல்வயலில் நாளுக்கு ஒரு சென்டிமீட்டர் தண்ணீர் என்று பார்த்தாலே ஏக்கருக்கு 40 ஆயிரம் லிட்டர் போய்விடும். ஏக்கருக்கு 70 தென்னை, மரத்துக்கு 80 லிட்டர் என்று சொட்டுநீர் விட்டால் ஆறாயிரத்துக்குள் முடிந்துவிடும். காற்றாலையை நம்பி நெல் நடுவது துணிச்சல்; தென்னையும் மாவும் பொறுமையான பயிர்கள். காற்று இரண்டு நாள் ஓய்வெடுத்தாலும் கோபித்துக்கொள்ளாது. அந்த ஓய்வு நாட்களுக்காகத் தொட்டி ஒன்று கட்ட வேண்டும். மூன்று நாள் தண்ணீர் பிடிக்கும் தொட்டி என்ன செலவாகும் என்பதை விலை விசாரிக்கும்போது பலரும் கேட்பதில்லை.

ஆரோவில்லுக்குக் காலமும் ஒத்துழைத்தது. கோடையில் பிற்பகல்தோறும் கடற்காற்று. ஆனி, ஆடியில் மேல்காற்று. தாகம் எடுக்கும் மாதங்களில்தான் விசிறியும் சுற்றுகிறது. வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் காற்று தணியும்போது வானமே தண்ணீரைக் கவனித்துக்கொள்கிறது. காற்று ஒரு பருவத்திலும் தண்ணீர்த் தேவை வேறொரு பருவத்திலும் இருக்கும் ஊர்களில் எந்த ரகமும் உதவாது.

இதிலும் ஒரு விசித்திரம் உண்டு. விசிறி தடையில்லாத காற்றில் நிற்க வேண்டுமானால் சுற்றிலும் 100 மீட்டருக்குள் இருக்கும் மரங்களைவிட அதன் அடிவிளிம்பு ஐந்தாறு மீட்டராவது உயர்ந்திருக்க வேண்டும் என்பது விதி. பொட்டலில் அது பிரச்சினையே இல்லை. காற்றாலை வார்த்த தண்ணீரில் கன்று மரமானது; மரம் காற்றாலைக்கே காற்றை மறைத்தது. கோபுரம் வாங்குகிறவர் இன்றைய மரத்தை அல்ல, இருபது வருடம் கழித்து நிற்கப்போகும் மரத்தை அளந்துகொள்வது நல்லது.

இனி ரகம். விசிறி ஒரு சுற்றுச் சுற்றினால் பிஸ்டன் ஒரு தடவை ஏறி இறங்குவது நேரடி இயக்கம். உதிரி பாகம் குறைவு, கிராமத்து லேத் பட்டறையிலேயே சரிசெய்யலாம். சில சுற்றுக்கு ஒரு தடவை பிஸ்டனை ஏற்றுவது பல்சக்கர ரகம். மெல்லிய காற்றிலும் கிளம்பும், ஆழ்கிணற்றுக்கு ஏற்றது. ஆனால் எண்ணெய் கேட்கும், பல் தேய்ந்தால் பட்டறைக்காரர் கையை விரிப்பார். பம்ப் அளவிலும் பேராசை கூடாது. பெரிய சிலிண்டர் போட்டால் தண்ணீர் நிறைய வரும், பலத்த காற்று அடிக்கும்போது மட்டும். மற்ற நேரத்தில் விசிறி கிளம்பவே கிளம்பாது.

நல்ல இயந்திரம் இருந்தால் போதும் என்று நம்பிய காலமும் உண்டு. உத்தரப் பிரதேசத்தின் காஜிப்பூரில் டச்சு உதவியுடன் உருவான 12-பியு-500 — 12 இறக்கை, 500 சென்டிமீட்டர் விட்டம் — 1980களில் அரசுத் திட்டத்தில் பல மாநிலங்களுக்குப் போனது. மானியத்தில் கோபுரம் வந்தது; கோபுரத்தில் ஏற ஆள் வரவில்லை. காற்றில்லாத இடங்களிலும் நிறுத்தினார்கள். பிஸ்டனின் தோல் வாஷர் தேய்ந்ததும் பல காற்றாலைகள் அப்படியே நின்றன. வாஷரின் விலை அற்பம்தான். ஆனால் அதை மாற்றக் கம்பி முழுவதையும் கிணற்றிலிருந்து உருவ வேண்டும். ஆரோவில்லில் செய்தவர்களே பக்கத்தில் இருந்தார்கள், ஏறினார்கள். ரகத்தைவிட இந்த வித்தியாசம் பெரியது என்றே தோன்றுகிறது.

தமிழ்நாட்டில் 1990-ல் விவசாய மின்சாரம் முழுக்க இலவசமானதும் காற்றாலைக்காரர்களின் வாதம் பலவீனமானது. ஸ்விட்சைத் தட்டினால் தண்ணீர் வரும்போது ஏணி ஏறுவார் யார்? 2019-ல் மத்திய அரசின் பிஎம்-குசும் திட்டம் வந்த பிறகு மின் இணைப்பு இல்லாதவர்களுக்கும் சூரிய பம்ப் மானியத்தில் கிடைக்கிறது. புதிதாகத் தொடங்கும் விவசாயிக்கு, வெயில் தாராளமாக உள்ள சமவெளியில், அதுவே சுலபமான வழி. இரவிலும் நிற்காத காற்று, 30 மீட்டருக்குள் தண்ணீர், மரப்பயிர், பக்கத்தில் ஒரு வெல்டிங் பட்டறை — இவை நான்கும் ஒரே இடத்தில் அமைந்தால் காற்றாலைக்கு இன்றும் நியாயம் உண்டு.

வாங்கிவிட்டவர்களுக்கு ஒரு வார்த்தை. காற்று மிஞ்சும்போது வால் மடங்கி விசிறியைப் பக்கவாட்டில் திருப்பிவிடும்; ஆனால் புயலுக்கு அது போதாது. 2011 டிசம்பர் 30 அதிகாலையில் ‘தானே’ கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறி ஆரோவில் மரங்களைச் சாய்த்துத் தள்ளியது. புயல் எச்சரிக்கை வந்ததுமே பிரேக்கை இழுத்துக் கட்டிவிட வேண்டும். கிரீஸ் போட, போல்ட்டு முடுக்க, வாஷர் மாற்றத் தோதான நேரம் புரட்டாசிக் கடைசி. காற்று அடங்கியிருக்கும், மழை பிடித்திருக்காது. ஐப்பசி பிறந்துவிட்டால் ஏணிப்படி வழுக்கும்.