ஏறி இறங்கும் இன்ஜின்

பழைய பெட்ரோல் ஜெனரேட்டரும், பெட்ரோலில் கிளம்பி மண்ணெண்ணெயில் ஓடும் தண்ணீர் பம்பும் பட்டறைக்குப் பெரும்பாலும் ஒரே புகாரோடு வருகின்றன: வேகம் நிற்பதில்லை, ஏறுகிறது, இறங்குகிறது, மறுபடி ஏறுகிறது. மெக்கானிக்குகள் இதை ‘ஹண்டிங்’ என்பார்கள். “கவர்னர் போயிருச்சுண்ணே” என்று சொல்லிக்கொண்டேதான் சவுண்ட் சர்வீஸ்காரர் ஜெனரேட்டரை இறக்கி வைப்பார். “அதுல கை வைக்காதீங்க தம்பி, மொதல்ல சோக்கைப் போட்டுப் பாப்போம்” என்பார் பழகிய மெக்கானிக்.

காற்று வழியை அடைக்கும் சோக்கைப் பாதி மூடியதும் சத்தம் சீரானால் பாதி வேலை முடிந்த மாதிரி. கலவையில் பெட்ரோல் போதவில்லை என்பது அதன் பொருள். வேகத்தைக் கட்டுப்படுத்துவது கவர்னர். இன்ஜினுக்குள் சுழலும் அதன் எடைகள் வேகம் கூடும்போது விரிந்து த்ராட்டிலை மூடப் பார்க்கும். வெளியிலுள்ள ஸ்பிரிங் திறக்கப் பார்க்கும். இந்த இழுபறி சமமாகும் இடமே ஓடும் வேகம். கார்ப்பரேட்டரில் எரிபொருள் பாயும் சிறு துளையுள்ள ஸ்லோ ஜெட் அடைத்திருந்தால் லோடு இல்லாத நேரத்தில் வேகம் விழும். கவர்னர் உடனே த்ராட்டிலைத் திறக்கும், மெயின் ஜெட்டிலிருந்து எரிபொருள் பாயும், வேகம் எகிறும், கவர்னர் மூடும், மறுபடி பட்டினி. இதில் கவர்னர் தன் வேலையை ஒழுங்காகச் செய்கிறது. பழி மட்டும் அதன் மேல் விழுகிறது.

மாதக்கணக்கில் தேங்கிய எரிபொருள் பிசினாக இறுகி ஜெட்டை அடைக்கும். தேர்ந்த மெக்கானிக் ஜெட்டைக் கழற்றியதும் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்ப்பார். துளை முழு வட்டமாகத் தெரிய வேண்டும். பிறை போலத் தெரிந்தால் பிசின் இன்னும் இருக்கிறது. கிளீனரில் ஊறவைத்து, மெல்லிய நைலான் இழையை நுழைத்து, காற்றடித்தால் போதும். தையல் ஊசியால் குத்துவது பெரும் தவறு. பித்தளை மென்மையானது, துளை ஒருமுறை பெரிதானால் அந்த ஜெட் தூக்கிப் போடத்தான். மெயின் ஜெட்டுக்கு மேலுள்ள குழாயின் பக்கத் துளைகளையும் பார்க்க வேண்டும். அவசரக்காரர்கள் விட்டுவிடும் இடம் அதுதான்.

ஜெட் சுத்தமாகியும் குறை தீரவில்லை என்றால் கார்ப்பரேட்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவிலுள்ள பேக்கிங் வழியாகக் காற்று புகுந்திருக்கலாம். இணைப்பைச் சுற்றி ஆயில் தடவும்போது ஓட்டம் மாறினால் கசிவு அங்கேதான். கார்ப்பரேட்டருக்குள் எரிபொருள் வரத்தை அடைக்கும் ஃப்ளோட் ஊசி தேய்ந்திருந்தால் எரிபொருள் வழிந்து இன்ஜின் ஆயிலில் கலக்கும். ஆயில் மட்டம் கூடி பெட்ரோல் வாசனை வந்தால் ஊசியைச் சரிசெய்து ஆயிலை மாற்றாமல் ஓட்டக்கூடாது.

இவ்வளவும் பார்த்த பிறகே கவர்னர். பெரும்பாலும் ஸ்பிரிங் இழுபட்டிருக்கும், அல்லது யாரோ வேறு துளையில் மாட்டியிருப்பார்கள். கவர்னர் ஷாஃப்டைத் த்ராட்டிலோடு இணைக்கும் கை இடம் நழுவியிருந்தால், இன்ஜினை நிறுத்திவிட்டு கிளாம்ப் போல்ட்டைத் தளர்த்தி, த்ராட்டில் முழுதும் திறந்த நிலையில், த்ராட்டிலைத் திறக்க அந்தக் கை நகரும் அதே திசையில் கவர்னர் ஷாஃப்டை முட்டும்வரை திருப்பி இறுக்க வேண்டும். 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் தரும் இருதுருவ ஜெனரேட்டருக்கு நிமிடத்துக்கு 3000 சுற்று. டாக்கோமீட்டர் இல்லாமல் ஸ்பிரிங்கை முறுக்கினால் வோல்டேஜ் ஏறி பல்பு போகும். கட்டுமீறி ஓடினால் கனெக்டிங் ராடே முறியும்.

மண்ணெண்ணெயில் ஓடும் பம்பை நிறுத்துமுன் பெட்ரோலுக்கு மாற்றிச் சிறிது நேரம் ஓட்டுங்கள். அடுத்த பருவம்வரை ஓரமாக வைப்பதாக இருந்தால் டேங்கையும் ஃப்ளோட் கிண்ணத்தையும் வடித்துவிடுங்கள்.