"என்ன கொடுத்தீங்க?" - நாமக்கல் கால்நடை மருத்துவ மாணவியுடன் ஒரு நாள்!

சேலம் புதிய பேருந்து நிலையத்தில் நாமக்கல் பஸ் ஏறினால், ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேலான பயணம். நகரத்தைத் தாண்டியதும் மல்லூர். அதற்குப் பக்கத்தில்தான் அரளிப்பூ சாகுபடிக்குப் பேர்போன பனமரத்துப்பட்டி. ராசிபுரத்தை நெருங்க நெருங்க வயலெல்லாம் மரவள்ளி. இந்தப் பக்கத்தில் அதற்குப் பெயர் குச்சிக்கிழங்கு. சேகோ ஆலைக்குப் போய் ஜவ்வரிசியாகி நம் வீட்டுப் பாயசத்துக்கு வருவது இதுதான். புதுச்சத்திரம் தாண்டினால் நீள நீளமான கோழிப்பண்ணைக் கொட்டகைகள். தூரத்தில் மலைக்கோட்டை தெரிந்தால் நாமக்கல் வந்துவிட்டது என்று அர்த்தம்.

ஜன்னலோரம் உட்கார்ந்து பார்த்தால் கண்ணுக்குக் குளிர்ச்சியான பச்சை. ஆனால், கால்நடை மருத்துவம் படிப்பவர் ஒருவர் பக்கத்தில் இருந்தால் காட்சியே மாறிவிடுகிறது.

"அரளி, இதயத்தைத் தாக்குற விஷம். குச்சிக்கிழங்குத் தழையில சயனைடு. மழை இல்லாம வாடிப்போன சோளப்பயிர் இருக்கே, அதுலயும் சயனைடு. எங்களுக்கு இந்த ரோடே ஒரு நச்சியல் புத்தகம்தானுங்க அக்கா" என்று சிரிக்கிறார் அந்த மாணவி. ராசிபுரம் பக்கத்துக் கிராமம். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் ஐந்தரை வருடப் படிப்பின் கடைசிக் கட்டமான ஓராண்டுப் பயிற்சியில் இருக்கிறார். ஆவணியில் கல்யாணம். "பேர் மட்டும் போட்ராதீங்க. மண்டபத்துல மாலையும் கழுத்துமா நிக்கும்போது, 'எங்க வீட்டு நாய்க்குச் சொறி, என்ன மருந்து?'னு வரிசையில வந்துருவாங்க!"

சேலத்தில் பிறந்த நாமக்கல் கல்லூரி

மோகனூர் சாலையில் இருக்கிறது கல்லூரி. தமிழ்நாட்டில் கால்நடை மருத்துவக் கல்வி 1903-ல் சென்னையில் தொடங்கியது. இரண்டாவது கல்லூரி 1985-ல் இங்கே வந்தது. அப்போது நாமக்கல் சேலம் மாவட்டத்துக்குள்தான் இருந்தது. தனி மாவட்டமானது 1997-ல். இந்தியாவின் முதல் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகம் 1989-ல் தமிழ்நாட்டில் உருவானபோது, இந்தக் கல்லூரியும் அதன் கீழ் வந்தது. மாவட்டம் பிரிந்ததால் கல்லூரியை நாமக்கல்லிடம் கொடுத்துவிட்ட சேலத்துக்கு, 2021-ல் தலைவாசல் கூட்டுரோட்டில் பிரமாண்டமான கால்நடை ஆராய்ச்சி நிலையமும் கல்லூரியும் கிடைத்தன.

ஏன் இந்த மண்ணில் இவ்வளவு? பதில் சாலையோரத்திலேயே இருக்கிறது. முட்டைக் கோழி, கறவை மாடு, வெள்ளாடு. பொட்டனேரியில் மேச்சேரி செம்மறி ஆட்டுக்கென்றே தனி ஆராய்ச்சி நிலையம் 1978 முதல் இருக்கிறது. வீட்டில் ஒரு உயிராவது கட்டிக் கிடக்காத கிராமம் இந்தச் சமவெளியில் அரிது.

விடிகாலையில் கட்டுத்தாரை, பகலில் ஓ.பி.

மனிதர்களுக்கு மருத்துவம் படிப்பவர்களுக்கு ஒரே உடல். இவர்களுக்கு மாடு, ஆடு, நாய், குதிரை, பன்றி, கோழி என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி எலும்பு, தனித்தனி வயிறு, தனித்தனி மருந்தளவு. முதல் வருடங்களில் விடிகாலையிலேயே பண்ணைக்குப் போக வேண்டும். கொட்டகையைக் கூட்டி, தீவனம் அளந்து போட்டு, பால் கறந்து, அதன் பிறகுதான் வகுப்பு.

"ஹாஸ்டல்ல எத்தனை சோப்பு போட்டாலும் அந்த வாசம் போகாது. தீபாவளிக்கு ஊருக்குப் போனா அம்மா வாசல்லயே நிக்க வெச்சு, 'முதல்ல குளி'ம்பாங்க. ஆனா எங்க வீட்டு மாடு மட்டும் என்னை மோந்து பாத்துட்டு நக்கும்" என்கிறார்.

இப்போது பயிற்சிக் காலம் என்பதால் காலையில் சிகிச்சை வளாகத்தில் வேலை. ஒரு பக்கம் மினி லாரியில் நிற்க முடியாத கறவை மாடு, இன்னொரு பக்கம் துண்டில் சுற்றிய பொமரேனியன், கூடையில் நாட்டுக்கோழி. தோள் வரை கையுறை மாட்டிக்கொண்டு சினைப் பரிசோதனை செய்துவிட்டு, கையைக் கழுவி, அடுத்த நிமிடம் பூனைக்குட்டிக்கு மெல்லிய ஊசி.

எந்த உயிர் வந்தாலும் அவர் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று மட்டும் மாறுவதே இல்லை: "என்ன கொடுத்தீங்க?"

"ஒண்ணும் கொடுக்கலைங்க!"

இந்தக் கேள்விக்குப் பெரும்பாலும் வரும் முதல் பதில், "ஒண்ணும் கொடுக்கலைங்க." ஒரு பூனையைத் தூக்கிக்கொண்டு வந்த பெண்மணியும் அப்படித்தான் சொன்னாராம். பூனைக்கு மூச்சு வாங்குகிறது, முகம் வீங்கியிருக்கிறது, ஈறு பழுப்பாக மாறியிருக்கிறது. மூன்றாவது முறை கேட்ட பிறகுதான், "உடம்பு சுட்டுச்சு, காய்ச்சல் மாத்திரை அரை கொடுத்தேன்" என்று அழுதிருக்கிறார்.

நமக்குச் சாதாரணமான பாரசிட்டமால், பூனைக்கு எமன். அதை உடைத்து வெளியேற்றும் வேலையைப் பூனையின் கல்லீரலால் போதுமான அளவுக்குச் செய்ய முடியாது. ரத்தம் ஆக்ஸிஜனைச் சுமக்கும் திறனை இழந்துவிடும். 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்றே ஒரு பூனையைக் கொன்றுவிடலாம். இந்தப் பூனைக்கு நேரத்தோடு மாற்று மருந்து ஏற்றப்பட்டதால் பிழைத்தது.

"அந்தம்மா பூனைய வெறுத்தா கொடுத்தாங்க? குழந்தை மாதிரி நெனைச்சுத்தான் குழந்தைக்குக் கொடுக்கறதக் கொடுத்துட்டாங்க. எங்ககிட்ட வர்ற விஷக் கேஸ்ல யாரோ எதிரி வெச்ச விஷம் கொஞ்சம்தானுங்க. மிச்சமெல்லாம் வீட்டுக்காரங்க அன்பா கொடுத்தது, இல்லைன்னா கவனிக்காம விட்டது."

அவர் இந்தப் படிப்புக்கு வந்த காரணமும் அதுதான். எட்டாவது படிக்கும்போது, கிழங்கு பிடுங்கிய வயலில் குவிந்து கிடந்த பச்சைத் தழையை ஆசையாக அள்ளிவந்து மூன்று வெள்ளாடுகளுக்குப் போட்டிருக்கிறார். அரை மணி நேரத்தில் ஆடுகள் தள்ளாடி விழுந்து, வாயைத் திறந்து மூச்சுக்குத் திணறின. கால்நடை மருத்துவர் பைக்கில் வந்து சேர்வதற்குள் இரண்டு போய்விட்டன. மூன்றாவதற்கு நரம்பில் ஊசி போட்டார், எழுந்து நின்றது. "செத்த ரெண்டையும் பாத்து அழல. எந்திரிச்ச ஒண்ணைப் பாத்துத்தான் அழுதேன்."

மாப்பிள்ளை வீட்டுக் கேள்விகள்

படிப்பு முடியும்போது வயது இருபத்து மூன்று, இருபத்து நான்கு. வீட்டில் ஜாதகம் எடுத்துவிடுவார்கள். 'டாக்டர் பொண்ணு' என்றதும் வருகிற வரன்களில் பாதி, 'மாட்டு டாக்டரா!' என்று தெரிந்ததும் போய்விடுவதும் உண்டாம்.

இவரைப் பெண் பார்க்க வந்தது திருச்செங்கோட்டுக் குடும்பம். மாப்பிள்ளைக்குக் கோவையில் ஐ.டி. வேலை. காபி கொடுத்துவிட்டு உட்கார்ந்ததும் மாப்பிள்ளையின் ஆயா கேட்டிருக்கிறார், "கல்யாணத்துக்கு அப்புறமும் மாட்டுக்குள்ள கைய விடுவியா கண்ணு?"

"விட்டாத்தானுங்க ஆயா கன்னுக்குட்டி வெளிய வரும்" என்றாராம் இவர். வீடே சிரித்துவிட்டது. ஆனால், அந்தக் கேள்விக்குப் பின்னால் நியாயமான பயமும் இருக்கிறது. கன்று வீசும் மாடுகளிடமிருந்து, பிரசவம் பார்ப்பவருக்குப் புரூசெல்லா நோய் தொற்றலாம். மாடுகளைப் பருவத்துக்குக் கொண்டுவரப் போடும் சில ஹார்மோன் ஊசி மருந்துகள் தோல் வழியாகவே உடலுக்குள் போய்விடும். கர்ப்பிணிகள் அவற்றைத் தொடவே கூடாது. எக்ஸ்ரே அறைக்கும் இது பொருந்தும்.

"இதை நான் மறைக்கல. நிச்சயத்துக்கு முன்னாடியே அவர்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன். மாசமா இருக்கறப்போ எந்த வேலைய ஒதுக்கணும்னு எனக்குத் தெரியும். ஆனா அதுக்காக வேலையையே விட மாட்டேன்னும் சொன்னேன். அவர் யோசிச்சுட்டு, 'ராத்திரி ரெண்டு மணிக்கு போன் வந்தா வண்டி நான் ஓட்டறேன்'னார். அதுக்கப்புறம்தான் சரின்னேன்."

இன்னொரு கேள்வி இன்னும் முடியவில்லை. அரசு கால்நடை உதவி மருத்துவர் பணிக்கு டி.என்.பி.எஸ்.சி. தேர்வு எழுத வேண்டும். கிடைத்தால் எந்த மாவட்டமோ! கோவையில் கிளினிக் வைத்தால் கணவரோடு இருக்கலாம். ஆனால் அங்கே நாயும் பூனையும்தான் அதிகம் வரும். "எனக்கு மாட்டு ஆஸ்பத்திரிதானுங்க வேணும். எங்க ஊரு ஆட்டுக்கு பைக்ல வந்தாரே, அப்படி ஒரு ஆஸ்பத்திரி" என்று சொல்லும்போது மட்டும் அவர் சிரிக்கவில்லை.

கல்யாணச் சோறும் கட்டுத்தாரையும்

முகூர்த்த மாதங்களில் இந்தப் பக்கத்து மருத்துவர்கள் எதிர்பார்த்தே இருக்கும் ஒரு நோய் உண்டு. விருந்தில் மிஞ்சிய சோற்றை வீணாக்கக் கூடாதென்று அண்டா அண்டாவாக மாட்டுத் தொட்டியில் கொட்டுவார்கள். மாடும் ஆவலாகத் தின்னும். மாட்டின் பெருவயிறு தட்டையும் புல்லையும் மெதுவாகச் செரிக்கப் பழகியது. திடீரென்று நிறைய சோறு போனால் அங்கே அமிலம் பெருகி, நல்ல நுண்ணுயிரிகள் மடியும். உடம்பின் நீரெல்லாம் வயிற்றுக்குள் இழுக்கப்படும். மாடு உப்பி, அசை போடாமல் நின்று, பிறகு படுத்துவிடும். கவனிக்காவிட்டால் ஒன்றிரண்டு நாளில் இறந்தும் போகலாம். மாட்டுப் பொங்கலன்று ஆசையாக ஊட்டும் பொங்கலும் அளவு மீறினால் இதே கதைதான்.

எச்சில் இலையோடு போகும் பிளாஸ்டிக் கப், மாலையில் கட்டிய கம்பி, குண்டூசி எல்லாம் இன்னொரு ஆபத்து. கம்பி தங்கும் வயிற்று அறைக்கு மிக அருகில்தான் இதயம் இருக்கிறது. மெல்ல நகர்ந்து அதைக் குத்தினால், பல வாரங்கள் கழித்து மாடு விழும்போது யாருக்கும் அந்த மாலை ஞாபகத்தில் இருக்காது.

உங்கள் வீட்டில் பாருங்கள்

பஸ் ஏறுவதற்கு முன், நம் வாசகர்களுக்காக அவர் சொன்னவை:

* சமையலறை: வெங்காயமும் பூண்டும் நாய், பூனையின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். விளைவு சில நாள் கழித்தே தெரியும். பிரியாணி, குருமா மிச்சத்தை வைக்காதீர்கள். வெந்த கோழி எலும்பு ஊசி போல உடைந்து குடலைக் கிழிக்கும்.
* இனிப்பு: சாக்லேட் நாயின் இதயத்தைப் பதறவைக்கும், கறுப்பு சாக்லேட் இன்னும் மோசம். சர்க்கரை இல்லாத சூயிங்கம்மில் உள்ள சைலிடால், நாயின் ரத்தச் சர்க்கரையைச் சட்டென்று இறக்கிவிடும்.
* திராட்சை: பழமோ உலர்ந்ததோ, நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கலாம். இதற்கு டார்டாரிக் அமிலம் காரணமாக இருக்கலாம் என்று 2021-ல் அமெரிக்க மருத்துவர்கள் எழுதினார்கள். நம் புளியில் நிறைய இருப்பதும் அதே அமிலம்தான். புளிக்கரைசல் பாத்திரத்தை நாய்க்கு எட்டாமல் வையுங்கள்.
* மருந்துப் பெட்டி: நம் வலி மாத்திரை எதுவும் அவற்றுக்கு வேண்டாம். நாய்க்கு வாங்கிய உண்ணி மருந்தைப் பூனைக்குத் தடவாதீர்கள். மாட்டு உண்ணி மருந்தை நாய்க்கு ஊற்றாதீர்கள்.
* மூலை முடுக்கு: எலி மருந்து தின்ற நாய் இரண்டு, மூன்று நாள் நன்றாகவே இருக்கும், பிறகுதான் ரத்தக் கசிவு தொடங்கும். 'நல்லாத்தானே இருக்கு' என்று காத்திருக்கக் கூடாது. பாச்சை உருண்டை, பினாயில் காயாத தரை இரண்டும் பூனைக்கு ஆகாது. பாதத்தை நக்கியே விஷத்தை ஏற்றிக்கொள்ளும்.
* தொழுவம்: பச்சை மரவள்ளித் தழை, வாடிய இளம் சோளம், பூஞ்சை பிடித்த புண்ணாக்கு, வேலியில் வெட்டிப்போட்ட அரளிக் கிளை - இவை நான்கும் தொழுவத்துக்குள் வரக் கூடாது.

ஏதாவது தின்றுவிட்டால்? உப்புத் தண்ணீர் ஊற்றி வாந்தி எடுக்கவைக்காதீர்கள்; அது வேறு ஆபத்தில் முடியும். எண்ணெய், பால் என்று புகட்டினால் நுரையீரலுக்குள் போய்விடலாம். மருந்து அட்டை, பாக்கெட், தின்ற தழை எதுவானாலும் கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் ஓடுங்கள். கால்நடை ஆம்புலன்ஸுக்கு 1962 என்ற கட்டணமில்லா எண் இருக்கிறது.

"எல்லாத்தையும் விட முக்கியம், உண்மையச் சொல்லுங்க. நாங்க திட்ட மாட்டோம். 'அரை மாத்திரை கொடுத்தேன்'னு முதல் நிமிஷமே சொன்னா, அந்த ஒரு நிமிஷம் அதுக்குக் கிடைக்கும்."

கல்யாண ஏற்பாட்டில் அவர் பெரிதாக எதிலும் தலையிடவில்லையாம். புடவையை அம்மா எடுத்தார், மண்டபத்தை மாமா பார்த்தார். சமையல்காரரிடம் மட்டும் நேரில் போய்ப் பேசியிருக்கிறார். மிஞ்சுகிற சோறு அன்றைக்கே பக்கத்து விடுதிக்குப் போக வேண்டும். எச்சில் இலை உரக்குழிக்குப் போக வேண்டும். மாப்பிள்ளை வீட்டு ஆயா இதையும் கேள்விப்பட்டு, "மாட்டுக்கு மட்டும் விருந்து இல்லையா கண்ணு?" என்றாராம்.

"இருக்குங்க ஆயா. அன்னிக்கும் அதுக்குத் தட்டும் தண்ணியும்தான். அதுதான் அதுக்கு விருந்து!"